துரைசானியம்மாள் தொப்பியில் ஒரு பறவை

டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் முதலாவதாகத் தேறியவளை உடனே ஒரு வகுப்புக்குள் விடக்கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிய அல்வாவைப் போலக் கொஞ்ச நாள் ஆறப்போட வேண்டும். சூட்டோடு தொட்டால் தொட்டவர் கையும் வெந்துபோகும், அல்வாவும் உருக்குலையும். என்னை யாரும் ஆறப்போடவில்லை. பாளையங்கோட்டையில் பெட்டியோடு மாட்டு வண்டியில் ஏறியவளை, ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், மிஷன் பள்ளிக்கூடத்துச் சின்னப்பிள்ளை வகுப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். அப்பா பக்கத்து ஊரில் வாழை பயிரிடுகிறவர். குலையைத் தட்டிப் பார்த்தே எப்போது பழுக்கும் என்று சொல்லிவிடுவார். கையெழுத்துக்கு மட்டும் பெருவிரல். அம்மா மிஷன் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் தப்பில்லாமல் பாடுவாள். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருத்தி முதலாவதாகத் தேறினால் அவள் தலை எந்த உயரத்தில் இருக்கும்? முதல் நாளே பள்ளிக்கூட நிலைப்படியில் முட்டிக்கொள்ளும் உயரத்தில் இருந்தது. (நிலைப்படி தாழ்வு என்றுதான் அப்போது நினைத்தேன்.)

தேறிவிட்டால் மட்டும் சர்ட்டிபிகேட் கைக்கு வந்துவிடாது. ஒரு வருஷம் வகுப்பு நடத்த வேண்டும். பிறகு இன்ஸ்பெக்ட்ரஸான வெள்ளைக்காரத் துரைசானியம்மாள் நேரில் வந்து உட்கார்ந்து, நாம் நடத்துவதைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் நாம் உபாத்தியாயினி. போடாவிட்டால் மறுபடியும் வாழைத்தோட்டம். அந்தச் சர்ட்டிபிகேட்டுக்காக அப்பா எங்கள் வீட்டுச் சுவரில் முன்கூட்டியே ஆணி அடித்து வைத்திருந்தார். ஊரில் யார் வந்தாலும் வெறும் ஆணியைக் காட்டி, "இங்கனதான் மாட்டப் போறோம்" என்பார்.

இன்ஸ்பெக்ஷனுக்கு என்ன பாடம் நடத்தலாம் என்று எங்கள் பெரிய வாத்தியார் என்னைக் கேட்டார். கேட்டார் என்றா சொன்னேன்? கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார்.

"எம்மா, உப்பப் பத்தி நடத்திருங்க. உப்பு நல்ல சரக்கு. கரையும், காயும், வாயில வச்சாக் கரிக்கும். நான் வருஷா வருஷம் உப்புதான். ஒரு இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்த சொன்னதில்ல."

"அது பழைய முறை சார்" என்றேன். "இப்போதெல்லாம் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு கணக்கு, வேதபாடம், பூகோளம், சித்திரம், தையல், தேகப்பயிற்சி எல்லாவற்றையும் அதைச் சுற்றியே நடத்த வேண்டும். நான் பறத்தலை எடுத்துக்கொள்ளப் போகிறேன்."

"எதை?"

"பறத்தல் சார். பறப்பது."

அவர் கூரையை ஒரு தரம் பார்த்தார். "உப்பு பறக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பறத்தலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அது பிசான நெற்பயிர் கதிரில் பால் பிடிக்கும் காலம். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் விடியும் முன்னே வயலுக்குப் போய்க் குருவியும் கிளியும் விரட்டிவிட்டு, அப்படியே சேற்றுக் காலோடு பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர்கள். நாள் முழுக்கப் பறவைகளோடு கிடக்கிற பிள்ளைகளுக்குப் பறவையைப் பற்றி நடத்தினால் எவ்வளவு ஆசையாகக் கேட்பார்கள்! இப்படி யோசித்தேன். அவர்கள் பறவைகளோடு எந்த முறையில் பழகுகிறார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

முதலில் கணக்கு. ஆற்றிலிருந்து பிள்ளைகள் பொறுக்கி வந்த கூழாங்கற்களை ஆளுக்கு ஒரு குவியலாக வைத்து எண்ணச் சொல்லித் தருவது எங்கள் வழக்கம். "மரத்தில் பத்துக் கிளி. மூன்று பறந்துபோயிற்று. மீதி எத்தனை?" என்று கேட்டேன்.

முன்வரிசையில் இசக்கி எழுந்து நின்றாள். ஆறு வயது இருக்கும். வகுப்பிலேயே சிறியவள், குரல் மட்டும் பெரியது. பாவாடை இடுப்பில் பனைநாரில் திரித்த கவண் ஒன்று எப்போதும் செருகியிருக்கும்.

"அந்த மூணும் எங்க போச்சு டீச்சர்?"

"எங்கேயோ போயிற்று. மீதி எத்தனை?"

"எங்கயோன்னா? நம்ம வயலுக்கா, அடுத்த வயலுக்கா?"

"அடுத்த வயலுக்கு" என்றேன், சண்டை வேண்டாமென்று.

"அடுத்த வயலு எங்க சித்தப்பா வயலு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் அழ ஆரம்பித்தான்.

பூகோளத்தில் காற்று எங்கிருந்து வருகிறது என்று நடத்தினேன். தையலில் காற்றாடிக்குத் துணியில் வால் தைத்தார்கள். தேகப்பயிற்சியில் இரண்டு கையையும் இறக்கையாக விரித்து முற்றத்தைச் சுற்றி ஓடினார்கள். சித்திரத்துக்கு, மிஷன் பங்களாவில் கெஞ்சி வாங்கிய பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றிலிருந்து ஆகாய விமானத்தின் படத்தைக் காட்டினேன். அப்போது அது ஊருக்கே புதிது. எனக்கும் புதிதுதான், ஆனால் என் முகத்தைப் பார்த்தால் தினமும் அதில் ஏறித்தான் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன் என்று தோன்றும்.

"ரெண்டு கட்டில ஒண்ணுமேல ஒண்ணு வச்சுக் கட்டியிருக்கு" என்றது ஒரு குரல்.

"கட்டில் அல்ல. இதில் ஏறி மனுஷர் பறக்கிறார்கள்."

"உள்ள இருக்கது யாரு டீச்சர்?" இசக்கிதான்.

"ஒரு துரை."

"வயலுக்கு மேல போனா அவர யாரும் வெரட்ட மாட்டாவளா?"

டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கோபுரத்துக்கெல்லாம் கலசமாக நான் வைத்திருந்தது வேதபாடம். ஜலப்பிரளயக் கதை: உலகமெல்லாம் வெள்ளம், பேழை மிதக்கிறது, தரை தெரிகிறதா என்று பார்க்க ஒரு புறாவை வெளியே விடுகிறார்கள். வாயால் சொன்னால் போதுமா? ஒரு கூடையைப் பேழை என்று வைத்து, நிஜப் புறாவையே அதற்குள்ளிருந்து பறக்கவிடுவேன். துரைசானியம்மாள் அசந்துபோவாள். கதையில் புறாவுக்கு முன்னே காகமும் வருகிறது. அதை மட்டும் விட்டுவிட்டேன். (காகத்தைப் பிடித்தால் ஊர்க் காகமெல்லாம் வந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடும்.) புறாவுக்கு அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

"புறாதான? அத நான் பாத்துக்கிடுதேன். நீ ஒம் பாடத்தப் பாரு" என்றார்.

அந்த நாள் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்து, வாசலில் அப்பாவின் தோட்டத்து வாழை இரண்டைக் கட்டியிருந்தோம். வில்வண்டியிலிருந்து துரைசானியம்மாள் இறங்கினாள். உயரமான, மெலிந்த அம்மாள். எங்கள் கண்ணெல்லாம் அவள் தலையில் போய் நின்றது. அகலமான தொப்பி, அதில் ரிப்பன், ரிப்பன் நடுவே பச்சையாக ஒரு சின்னப் பறவை, அலகும் கண்ணும் வாலுமாக, கூட்டில் அடை இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. பஞ்சடைத்துப் பாடம் செய்த பறவை. சீமையில் அந்தக் காலத்தில் அதுதான் அலங்காரமாம். பறத்தலைப் பற்றிய பாடத்துக்குப் பறவையையே சூடிக்கொண்டு வந்திருக்கிறாளே, நல்ல சகுனம் என்று நான் பூரித்துப்போனேன்.

அம்மாள் தமிழ் பேசுவாள். புத்தகத்தில் கற்ற தமிழ். ஒரு எழுத்துக்கூட விழாமல், இஸ்திரி போட்டது மாதிரி இருக்கும்.

"பிள்ளைகளே, நீங்கள் சுகமாயிருக்கிறீர்களா?" என்றாள்.

பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. கணக்கு, பூகோளம், தையல் எல்லாவற்றிலும் அப்படித்தான். வெள்ளைக்கார முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இசக்கிகூடப் பேசவில்லை. தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரைசானியம்மாள் பெருமூச்சு விட்டதைக் கவனித்தேன். போகட்டும், புறா வரட்டும், எல்லாரும் வாய் திறப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். (திறந்தார்கள்.)

வேதபாட நேரத்தில் அப்பா புதுத் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பெரிய பனைநார்க்கூடையைத் துணி மூடிக் கட்டி, மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். ஒரு புறாவுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கூடை என்று நான் கேட்டிருக்க வேண்டும். அப்பா வெளியே போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். புறா நேரத்துக்கு முன்னே பறந்துவிடாதபடி, அந்த ஒரு ஜன்னலைத் தவிர எல்லாவற்றையும் கதவையும் சாத்தச் சொல்லியிருந்தேன். அந்த ஜன்னலையும் அப்பாவின் உடம்பு அடைத்துக்கொண்டது.

கதையைச் சொன்னேன். மழை பெய்தது. வெள்ளம் ஏறியது. பேழை மிதந்தது. "அப்போது பேழையின் கதவு திறந்தது! வெளியே பறந்துவந்தது எது?" என்று உரக்கக் கேட்டு, துணியை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

வெளியே பறந்துவந்தது நெல்லுக்குருவிக் கூட்டம்.

ஒரு வயலையே வலை போட்டு வாரிக்கொண்டு வந்திருந்தார் அப்பா. பழுப்பும் வெள்ளையுமாகக் குருவிகள் கூடையிலிருந்து பொங்கி எழுந்து, வெளியே போக வழியில்லாமல் வகுப்புக்குள் சுற்றின. நான் துணியைக் கையில் பிடித்தபடி நின்றேன். சிறகுச் சத்தம் மட்டும்தான்.

பிறகு இசக்கி கத்தினாள். "ஏய்... குருவீ!"

அந்தக் குரலில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை மறந்தார்கள். டீச்சரை மறந்தார்கள். வெள்ளைக்கார அம்மாளை மறந்தார்கள். குருவி கூட்டமாக எழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் கைகால்களுக்கு நடக்கப் பழகிய நாள் முதல் தெரியும். "ஹோய்! ஹோ ஹோய்! ச்சூ!" என்று மொத்த வகுப்பும் எழுந்து நின்று அலறியது. சிலேட்டைச் சிலேட்டோடு அடித்தார்கள். பெஞ்சில் ஏறிக் குதித்தார்கள். ஒருத்தன் மணி அடிக்கிற கட்டையை எடுத்துத் தகரப் பெட்டியை விளாசினான். கணக்குக்கு வைத்திருந்த கூழாங்கற்கள் குவியல் குவியலாகக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அவற்றை எண்ணாமலே எடுத்தார்கள்.

"ஏலே, எறியாதிய! துரைசானியம்மா இருக்காவ!" என்று பெரிய வாத்தியார் கதவுப் பக்கம் ஓடினார். நான் "உட்காருங்கள்! உட்காருங்கள்!" என்றேன். உட்கார்ந்தது புறா மட்டும்தான். அதுவும் கூடைக்குள் ஒரு பக்கமாகத்தான் இருந்திருக்கிறது. கடைசி வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

பெரிய வாத்தியார் கதவைத் திறந்ததும் குருவிகள் ஒரே பாய்ச்சலாக வெளியே போயின. பிள்ளைகள் மூச்சு வாங்க, பெருமையோடு கூரையைப் பார்த்தார்கள். எல்லாம் போய்விட்டன.

ஒன்றைத் தவிர.

அது பச்சையாக, தொப்பியின் மேல், இத்தனை கூச்சலுக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இசக்கி அதைப் பார்த்தாள். காலையிலிருந்தே அதன் மேல் அவளுக்கு ஒரு கண். இடுப்பிலிருந்து கவண் வெளியே வந்ததை நான் பார்த்தேன், வாயைத் திறந்தேன், அதற்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டாள்.

தொப்பி, ரிப்பன், பறவை மூன்றும் சேர்ந்து பின்சுவர் வரைக்கும் போயின. கல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அம்மாளின் மடியில் விழுந்தது. அம்மாளின் தலையில் ஒரு கீறல்கூட இல்லை.

"விழுந்துட்டு டீச்சர்!" என்றாள் இசக்கி, என்னைப் பார்த்து, மெச்சுவேன் என்ற நம்பிக்கையோடு.

அந்த அமைதியில் என் சர்ட்டிபிகேட் பறந்துபோவது என் காதுக்கே கேட்டது. வீட்டுச் சுவரில் வெறும் ஆணி தெரிந்தது. ஜன்னலில் அப்பாவின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

துரைசானியம்மாள் தலையைத் தடவிப் பார்த்தாள். பின்னலிலிருந்து அவிழ்ந்த மயிரைச் செருகிக்கொண்டாள். பிறகு நிதானமாக, "அம்மணி, அந்தப் பறவை உயிருள்ளதல்ல என்று அந்தச் சிறு பெண்ணுக்குச் சொல்லும்" என்றாள்.

சொன்னேன்.

"இப்ப உசுரில்ல. நான் எறியதுக்கு முன்ன இருந்துச்சு" என்றாள் இசக்கி.

அம்மாளின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "பறப்பதைப் பற்றி இன்றைக்குப் போதுமான அளவு கற்றோம்" என்றாள். மடியிலிருந்த கூழாங்கல்லை எடுத்து என் மேஜையில் வைத்தாள். "பறவாத ஒன்றைப் பற்றி இப்போது நடத்தும். இதைப் பற்றி."

"கல்லைப் பற்றியா அம்மா?"

"ஆம். இப்பொழுதே. ஒரு மணி நேரம்."

(அதுவும் இப்போதுதான் பறந்து வந்தது என்று சொல்ல நாக்கு துடித்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அதை அடக்கினேன்.)

குறிப்பு எழுதவில்லை. படம் இல்லை. கூடை இல்லை. முதலாவதாகத் தேறியவள் கையில் ஒன்றுமில்லை, ஒரு கல் தவிர. அதைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்றேன்.

"எங் கல்லு டீச்சர்!" என்றாள் இசக்கி.

"எங்கே எடுத்தாய்?"

"ஆத்துல. அணைக்குக் கீழ. அங்கனதான் நல்ல கல்லு கெடக்கும்."

"பொய் சொல்லுதா டீச்சர்! மண்டபத்துப் படித்துறையிலதான் நல்ல கல்லு!" என்றான் சித்தப்பா வயலுக்காக அழுத பையன்.

காலையிலிருந்து ஊமையாக இருந்த வகுப்பு அதோடு திறந்துகொண்டது. எனக்கு அந்தச் சமயம் எந்த முறையும் நினைவில் இல்லை; கேட்டதற்குப் பதிலும், பதிலிலிருந்து கேள்வியுமாகப் போனேன். ஆற்றில் கிடக்கிற கல் ஏன் உருண்டையாக இருக்கிறது, மலையில் கிடக்கிற கல் ஏன் மூலையோடு இருக்கிறது என்று கேட்டேன். வெள்ளம் வரும்போது ஆற்றுக்குள் தலையை முக்கினால் கல் உருளும் சத்தம் கேட்கும் என்றார்கள். அப்படியானால் அது எங்கிருந்து உருண்டு வருகிறது என்று, பொதிகை மலையிலிருந்து பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி வழியாக எங்கள் ஊர் வரைக்கும் அந்தக் கல்லோடு நடந்தோம். பூகோளம் தானே முடிந்தது. வகுப்பில் சிதறிக் கிடந்த கற்களைப் பொறுக்கச் சொல்லி எண்ணினோம்; குறைந்தவற்றைக் கழித்தோம். யார் யார் எறிந்தது என்பதும் அதில் வெளியாயிற்று. கடைசியில், ஓடையில் கூழாங்கல் பொறுக்கிய சிறுவன் கவணால் ராட்சதனை வீழ்த்திய வேதக் கதை. அதைச் சொல்லும்போது மட்டும் எல்லாரும் மரியாதையோடு இசக்கியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு மணி நேரம் முடிந்ததே எனக்குத் தெரியவில்லை. துரைசானியம்மாள் எழுந்து, பின்சுவரோரம் போய், தொப்பியைத் தட்டி எடுத்துக்கொண்டாள். பறவைக்கு வால் போய்விட்டிருந்தது.

"அம்மணி, காலையில் நீர் பேசினீர். இப்போது அவர்கள் பேசினார்கள்" என்றாள். "இரண்டாவதற்காகக் கையெழுத்திடுகிறேன். முதலாவதை மறந்துவிடுவோம்."

வண்டி ஏறும் முன் இசக்கியைக் கூப்பிட்டு, பறவையின் உதிர்ந்த வாலை அவள் கையில் கொடுத்தாள். நியாயமான பங்குதானே.

வண்டி போனதும் அப்பாவிடம் போனேன். "யாரு ஒங்கள குருவி பிடிச்சுட்டு வரச் சொன்னா?"

"ஏளா, பேழையில ஒத்தப் புறாவா இருந்துச்சு? எல்லாப் பறவையும்ல இருந்துச்சு! நீ பாடத்தக் கொறையா நடத்துதியேன்னுதான் நான் நெறச்சுக் கொண்டாந்தேன்" என்றார். வேதம் படித்தவள் நான். வேதத்தில் அவர் சொன்னதுதான் சரி.

சர்ட்டிபிகேட் வந்தது. ஆணியில் ஏறியது. எங்கள் சமாச்சாரமும் ஆற்றோடு ஊர் ஊராகப் போயிற்று. அடுத்த பிசானத்துக்கு, "உங்க வகுப்ப ஒரு வாரம் எங்க வயலுக்கு அனுப்பி வையிங்க" என்று பெரிய பண்ணையார் ஒருவர் பெரிய வாத்தியாரிடம் ஆளனுப்பிக் கேட்டார். அப்பாவோ கதையில் தன் குருவிகளை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தார். இப்போது அவர் சொல்வதில் குருவியே கிடையாது. மகள் ஒரு கல்லை மேஜையில் வைத்தாள், அது பேசியது, துரைசானி கையெழுத்துப் போட்டாள், அவ்வளவுதான் கதை.

கொஞ்ச நாள் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தவர், பாளையங்கோட்டையில் குமாஸ்தா. வெற்றிலையைப் பார்த்தபடி வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ள, பேசாம இருந்தாத் தப்பிச்சிரலாம்னு நெனச்சிராதிய. எம் மக கல்லையே ஒரு மணி நேரம் பேச வச்சவ" என்றார்.

"அப்ப நானே பேசிருதேன் மாமா" என்றார் அவர். கல்யாணம் அங்கேயே நிச்சயமாயிற்று.

இன்றைக்கும் விளக்கெண்ணெய் வாங்க மறந்துவிட்டு வந்தால், சத்தமில்லாமல் மூலையில் போய் உட்கார்ந்துகொள்வார். நான் ஒன்றும் கோபிப்பதில்லை. எதிரே போய் நின்று, விரலை நீட்டி, வகுப்புக் குரலில், "இது என்ன?" என்று கேட்பேன்.

"கல்லு டீச்சர்" என்பார்.